சொல் கேட்காத காவல் நாயை வழிக்குக் கொண்டு வருவது எப்படி?

தோட்டத்தில் குடியிருக்கும் விவசாயிக்கு நாய் ஒரு காவலாள். மோட்டார் கொட்டகையில் கேபிள் திருடு போகாமல் இருப்பதும், இரவில் பட்டிக்குள் நரி புகாமல் இருப்பதும், காய்த்த தென்னையில் அன்னியர் ஏறாமல் இருப்பதும் பெரும்பாலும் அதன் குரைப்பினால்தான். ஆனால் அந்த நாயே வீட்டாருக்கு அடங்காமல் போய்விட்டால் காவலுக்குப் பதில் கவலை வந்து சேர்கிறது. பால்காரர் வர மறுக்கிறார். களை எடுக்க ஆட்கள் வரத் தயங்குகிறார்கள். பக்கத்துத் தோட்டத்துக் கோழிக்கு விலை கொடுக்க வேண்டியிருக்கிறது. ஒரு நாள் யாராவது ஒரு குழந்தையைக் கடித்துவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் வேறு.

தேனி மாவட்டத்தில் கோம்பைக்குப் பக்கத்தில் உள்ள ஒரு தோட்டத்திற்கு, வாழையில் கண்ட வாடல் நோயைப் பார்ப்பதற்காகச் சென்றிருந்தேன். அங்கே மோட்டார் கொட்டகை ஓரத்து வேப்பமரத்தில் ஒரு நாய் கட்டப்பட்டிருந்தது. கோம்பை இனக் கலப்பு. செம்பழுப்பு உடல், கருத்த மூஞ்சி, வயது இரண்டு. சங்கிலி இரண்டு முழம்கூட இராது. என்னைக் கண்டதும் கழுத்து இறுகும் அளவுக்கு இழுத்துப் பாய்ந்தது. தோட்டக்காரர் "படு, படு" என்று ஏழெட்டு முறை கத்தினார். பிறகு கையில் இருந்த மட்டையை வீசினார். நாய் முன்னைவிட மூர்க்கமாகப் பாய்ந்தது.

"இது யார் சொன்னாலும் கேட்காது சார். பால்காரர் வேட்டியைக் கிழித்துவிட்டது. பக்கத்துத் தோட்டத்தில் இரண்டு கோழி போய்விட்டது. மலைக்கு அந்தப் பக்கம் கொண்டுபோய் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்" என்றார்.

வாழையைப் பார்த்துவிட்டுத் திரும்பும்போது அவருடைய தாயார் கஞ்சிச் சட்டியுடன் நாயிடம் வந்தார். எழுபது வயது இருக்கும். நாய் துள்ளியது. அம்மையார் ஒன்றும் பேசவில்லை. சட்டியுடன் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார். சற்று நேரத்தில் நாய் தானாக உட்கார்ந்தது. சட்டியைக் கீழே வைத்தார். உங்களிடம் மட்டும் எப்படி அடங்குகிறது என்று கேட்டேன்.

"குதிச்சா நான் திரும்பிப் போயிருவேன்னு அதுக்குத் தெரியும் தம்பி" என்றார்.

மகன் நாளொன்றுக்கு இருபது முறை அதட்டுகிறார், அடிக்கவும் செய்கிறார். நாய் கேட்பதில்லை. தாயார் அதட்டுவதே இல்லை. நாய் கேட்கிறது. காரணம், அந்த அம்மையார் நேற்று எப்படி நடந்தாரோ அப்படியே இன்றும் நடக்கிறார். நாய்க்கு வேண்டிய பொருள் அவர் கையில் இருக்கிறது. அதைப் பெறும் வழி ஒன்றே ஒன்றுதான். முரட்டு நாய்க்கு எஜமானாக இருப்பது என்பது இவ்வளவுதான். இதைத் தோட்டத்தின் எல்லாக் காரியங்களுக்கும் எப்படி விரிப்பது என்பதே நாம் பார்க்க வேண்டியது.

அடித்து அடக்கலாமா?

நாயை மல்லாத்திப் போட்டுத் தொண்டையை அழுத்திப் பிடித்தால், "இவன்தான் நமக்குத் தலைவன்" என்று அது ஒப்புக்கொள்ளும் என்று பலர் நம்புகிறார்கள். இந்த நம்பிக்கைக்கு ஒரு வரலாறு உண்டு. சுவிட்சர்லாந்தில் பேசல் நகர மிருகக்காட்சி சாலையில் அடைத்து வைத்திருந்த ஓநாய்களைக் கவனித்த ருடால்ப் ஷென்கல் என்பவர் 1947இல் ஓர் ஆய்வு வெளியிட்டார். ஓநாய்கள் தலைமைக்காக ஒன்றையொன்று அடக்கிக்கொண்டே இருக்கின்றன என்பது அதிலிருந்து பரவிய கருத்து. நாயும் ஓநாய் வழி வந்ததுதானே, ஆகவே நாயையும் அடக்க வேண்டும் என்று பழக்குபவர்கள் பிடித்துக்கொண்டார்கள். அமெரிக்க ஆராய்ச்சியாளர் டேவிட் மீச் 1970இல் எழுதிய நூலும் இதையே சொன்னது. பிறகு அவரே பல ஆண்டுகள் காட்டில் திரியும் ஓநாய்களைக் கவனித்து, 1999இல் தம் கருத்தைத் திருத்தி எழுதினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் தாய், தகப்பன், குட்டிகள் கொண்ட ஒரு குடும்பம்; குட்டிகள் பெற்றோரைப் பின்பற்றுவது குடும்பத்தில் பிள்ளைகள் பின்பற்றுவது போன்றதே என்றார். பல இடத்து ஓநாய்களை ஒரே கூண்டில் அடைத்துவிட்டு, அவை போடும் சண்டையைப் பார்த்து இதுதான் ஓநாய் குணம் என்று சொன்னது சந்தையில் கட்டிய மாடுகளைப் பார்த்துத் தொழுவத்து மாட்டை எடை போட்டது போல் ஆயிற்று.

அடி வாங்கிய நாய் அந்த நேரத்திற்கு ஒடுங்கும். ஆனால் எதற்காக அடி விழுந்தது என்று அதற்கு விளங்குவதில்லை. பால்காரர் வரும்போதெல்லாம் அடி விழுந்தால், பால்காரர் வந்தால் வலி வரும் என்றுதான் அது கற்றுக்கொள்கிறது. அவர்மேல் பகை இன்னும் வளர்கிறது.

நம் நாய்களின் குணம்

நம் பகுதி நாய்கள் எப்போதும் மனிதன் முகத்தைப் பார்த்துக் கட்டளைக்குக் காத்திருக்கும் வேலைக்காக வளர்க்கப்பட்டவை அல்ல. சிப்பிப்பாறையும் கன்னியும் கண்ணில் பட்ட இரையை விரட்டி ஓடும் இனங்கள். வளர்ப்பவர் அரை மைல் பின்னால் இருப்பார். எப்படித் திரும்புவது, எங்கே மறிப்பது என்பதை நாயேதான் முடிவு செய்ய வேண்டும். (முயல் வேட்டை இன்று வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆனால் வேட்டை போனாலும் குணம் போகவில்லை.) இராஜபாளையமும் கோம்பையும் வேட்டைக்கும் காவலுக்கும் வளர்க்கப்பட்டவை, இருட்டில் தனியாக நின்று எதிர்க்கும் துணிவு அவற்றுக்கு உண்டு. இந்தச் சுயபுத்தியைத்தான் நாம் பிடிவாதம் என்கிறோம். அது அடியோடு போய்விட்டால் அந்த நாய் காவலுக்கும் உதவாது.

ஆறு மாதம் முதல் ஒன்றரை வயது வரை எந்த நாய்க்கும் இளமை முறுக்கு இருக்கும். குட்டியில் சொன்னதைக் கேட்ட நாய் அப்போது கேட்காதது போல் நடக்கும். நாய் கெட்டுவிட்டது என்று பலரும் கைவிடுவது இந்த வயதில்தான்.

முதலில் உடலைப் பாருங்கள்

பழக்கத் தொடங்குமுன் கால்நடை மருந்தகத்தில் ஒரு முறை காட்டிவிடுவது நல்லது. காதில் புண், பல் வலி, விரலிடுக்கில் உண்ணி இருந்தால், தொட்ட கையைக் கடிக்க வருவது இயற்கை. சாதுவான நாய் திடீரென்று சீறத் தொடங்கினால் வலியைச் சந்தேகிக்க வேண்டும்.

இன்னொன்று பலர் அறியாதது. வெள்ளை நிற நாய்களில் சில பிறவியிலேயே செவிடாக இருப்பதுண்டு. இராஜபாளையம் இனத்திலும் இக்குறை காணப்படுகிறது. "கூப்பிட்டால் திரும்பிப் பார்ப்பதே இல்லை, அவ்வளவு திமிர்" என்று அடி வாங்கிக்கொண்டிருக்கும் நாய்க்குக் காதே கேளாமல் இருக்கலாம். அது படுத்துத் தூங்கும்போது எட்ட நின்று, தரை அதிராமல், ஒரு தட்டைத் தட்டிப் பாருங்கள். காதுகூட அசையவில்லையானால் சந்தேகிக்கலாம். செவிட்டு நாயையும் கைச் சைகையால் நன்றாகப் பழக்கலாம். தூங்கும்போது தொட்டு எழுப்பக் கூடாது; திடுக்கிட்டுக் கடிக்கும்.

கஞ்சிச் சட்டியில் தொடங்குங்கள்

பாடத்திற்குத் தனியாக நேரம் ஒதுக்க வேண்டியதில்லை. காலையும் மாலையும் கஞ்சி ஊற்றும் நேரமே போதும். சட்டியை நாயின் தலைக்கு மேல், சற்றுப் பின்பக்கமாகப் பிடியுங்கள். சட்டியைப் பார்க்கத் தலையைத் தூக்கும் நாய்க்குப் பின்பக்கம் தானாகத் தரையில் இறங்கும். உட்கார்ந்த அந்த நொடியே "சரி" என்று சொல்லிச் சட்டியை இறக்குங்கள். பாதி இறக்கும்போது எழுந்து பாய்ந்தால் பேசாமல் சட்டியை மேலே தூக்கிவிடுங்கள். முதல் நாள் பத்து முறை ஏற்றி இறக்க நேரிடலாம். கோபம் வேண்டாம். இரண்டு மூன்று நாட்களில், சட்டியைக் கண்டதும் உட்காரத் தொடங்கும். அதன் பிறகுதான் "உட்கார்" என்ற சொல்லைச் சேர்க்க வேண்டும். அதுவும் ஒரே முறை. ஏழு முறை "படு" சொல்லி எட்டாம் முறை அடித்தால், முதல் ஏழும் வெறும் சத்தம் என்று நாய் கணக்கு வைத்துக்கொள்ளும்.

வீட்டில் எல்லோரும் ஒரே சொல்லைச் சொல்ல வேண்டும். அப்பா "படு" என்கிறார், அம்மா "உட்காரு" என்கிறார், பட்டணத்தில் படித்துவிட்டு வந்த பையன் "சிட், சிட்" என்கிறான். நாய் எந்தப் பாஷையைத்தான் கற்கும்?

சட்டிக்கு உட்காரப் பழகிய நாயை மற்ற எல்லாவற்றுக்கும் உட்காரச் செய்யலாம். சங்கிலியை அவிழ்க்குமுன், படலைத் திறக்குமுன், தடவிக் கொடுக்குமுன் உட்கார வேண்டும். அதற்கு வேண்டியது எதுவானாலும் அமைதியாக இருந்தால்தான் கிடைக்கும் என்பது பத்துப் பதினைந்து நாளில் பதிந்துவிடும். இடையிடையே அவித்த முட்டைத் துண்டு, தேங்காய்ச் சில்லு, கோழி ஈரல் என்று புளியங்கொட்டை அளவு ஏதேனும் கொடுக்கலாம். வெங்காயம் போட்ட குழம்புச் சோறு நாய்க்கு ஆகாது. அது இரத்தத்தைக் கெடுக்கும்.

இங்கே ஒரு கண்டம் இருக்கிறது. பெரும்பாலோர் தோற்பது இதில்தான். சாயங்காலம் அவிழ்த்துவிடச் சொல்லி நாய் குரைக்கிறது. காது வலி தாளாமல் யாராவது அவிழ்த்துவிடுகிறார்கள். இது பழக்கமாகிவிட்டது. இனிமேல் குரைப்பை நிறுத்தினால்தான் அவிழ்ப்பது என்று நீங்கள் முடிவு செய்கிறீர்கள். உடனே குரைப்பு குறையாது, கூடும். முன்பு பத்து நிமிஷம் குரைத்த நாய் முதல் சில நாட்கள் அரை மணி நேரம் குரைக்கும், மண்ணைப் பறிக்கும், சட்டியை உருட்டும். இதைப் பார்த்து "இந்த வைத்தியம் பலிக்கவில்லை" என்று மூன்றாம் நாள் அவிழ்த்துவிட்டால், அரை மணி குரைத்தால் கதவு திறக்கும் என்று நீங்களே பாடம் நடத்தியவர் ஆகிறீர்கள். எப்போதாவது ஒரு முறை மட்டும் விட்டுக்கொடுப்பது இன்னும் கெடுதல். தமிழ்நாட்டில் 2003இல் லாட்டரி தடை செய்யப்படும் முன், எப்போதோ ஒரு முறை நூறு ரூபாய் விழுந்தவர் வாரந்தோறும் சீட்டு வாங்கியது போலத்தான் நாயும் நடந்துகொள்ளும். குரைப்பு ஓய்ந்து, நாய் மூச்சு விட நிறுத்தும் அந்தச் சிறு இடைவெளியில் போய் அவிழ்த்துவிடுங்கள். மறுநாள் இடைவெளி சற்று நீளட்டும்.

"வா" என்றால் வர வேண்டும்

கோழியைத் துரத்தும் நாயைத் தடுக்க உங்களிடம் உள்ள ஒரே கருவி "வா" என்ற சொல்தான். அந்தச் சொல்லை நாமே கெடுத்துவிடுகிறோம். தப்புச் செய்த நாயைக் கூப்பிட்டு, வந்ததும் அடிக்கிறோம். அல்லது கூப்பிட்டதும் பிடித்துக் கட்டிப்போடுகிறோம். வந்தால் நஷ்டம் என்று அறிந்த நாய் ஏன் வரும்?

பழைய வாளிக் கயிறு முப்பது அடி எடுத்துக் கழுத்துப்பட்டையில் கட்டி, அறுவடை முடிந்த வயலுக்கு ஓட்டிச் செல்லுங்கள். மேய விடுவது போல் விட்டுவிட்டு, பெயரைச் சொல்லி "வா" என்று ஒரு முறை கூப்பிடுங்கள். வந்தால் ஒரு துண்டு ஈரல் கொடுத்து மீண்டும் போகவிடுங்கள். வராவிட்டால் கயிற்றை மெதுவாகச் சுருட்டி வரவழையுங்கள். வெடுக்கென்று இழுக்க வேண்டாம். பத்து முறை கூப்பிட்டால் ஒன்பது முறை திரும்ப விட்டுவிட வேண்டும். பத்தாம் முறை கட்டினால் அது பொருட்படுத்தாது. கயிறு இல்லாமல் நம்பி விடுவதற்குப் பல வாரங்கள், சில நாய்களுக்கு மாதங்கள்கூட ஆகும். ஏர் பூட்டிய காலத்தில் புதுக் காளையைப் பழகிய மாட்டுடன் பிணைத்து எத்தனை நாள் பொறுமையாக ஓட்டினோம் என்பதை மூத்த விவசாயிகள் அறிவார்கள்.

கோழி விரட்டும் பழக்கத்தில் நாய்க்கு ஈரலும் தேங்காயும் தேவையில்லை. விரட்டுவதே அதற்குப் பரிசு. ஆகவே ஒரு முறைகூட வாய்ப்புத் தராமல் இருப்பதுதான் வழி. கோழியும் ஆட்டுக்குட்டியும் திரியும் நேரத்தில் கயிறு கட்டாயம்.

சங்கிலி

பகல் முழுவதும் குட்டைச் சங்கிலியில் கிடக்கும் நாய், விலக இடம் இல்லாததால் பாய்கிறது. பிராணிகள் வதைத் தடுப்புச் சட்டம் 1960இல் வந்தது. அளவுக்கு மீறிக் குட்டையான அல்லது கனமான சங்கிலியில் நெடுநேரம் கட்டுவதும், எப்போதும் கட்டியே வைத்திருக்கும் நாயை நடக்கவிடாமல் இருப்பதும் அந்தச் சட்டப்படி குற்றம். உணவும் நீரும் இன்றி வாடும்படி மலையில் விட்டுவிட்டு வருவதும் அதே சட்டப்படி குற்றமே.

செலவில்லாத மாற்று ஒன்று உண்டு. முப்பது அடி இடைவெளியில் இரண்டு கம்பங்களை ஊன்றி, ஆள் உயரத்துக்கு மேல் கனமான கம்பியை இழுத்துக் கட்டுங்கள். கம்பியில் ஒரு வளையத்தைக் கோத்து, அதிலிருந்து சங்கிலியைத் தொங்கவிட்டால் நாய் நீளவாட்டில் நடமாடும். கம்பத்தில் சுற்றிக்கொள்ளாதபடி இரு பக்கமும் சில அடி முன்னதாகவே கம்பியில் ஒரு தடுப்பு முடிச்சு வேண்டும். நிழலும் தண்ணீரும் எட்ட வேண்டும். கிணற்று ஓரத்திலோ, தாண்டிக் குதிக்கக்கூடிய சுவர், வேலி ஓரத்திலோ இதை அமைக்கவே கூடாது. நாய் குதித்துத் தொங்கிவிடும். கழுத்துப்பட்டைக்குள் இரண்டு விரல் நுழைய வேண்டும்.

உறுமலை அடக்காதீர்கள்

உறுமுவதற்காக நாயை அடிப்பது பெரிய தவறு. உறுமல் என்பது "விலகிப் போ" என்ற எச்சரிக்கை. அடித்து உறுமலை நிறுத்திவிட்டால், எச்சரிக்கை இல்லாமல் கடிக்கும் நாய் உருவாகிறது. உடல் விறைப்பது, கண்ணின் வெள்ளை தெரியப் பக்கவாட்டில் பார்ப்பது, வால் மேலே விறைத்து நிற்பது எல்லாம் உறுமலுக்கு முந்திய அடையாளங்கள். வால் ஆட்டும் நாய் கடிக்காது என்பதும் சரியல்ல. விறைத்த வாலை வேகமாக ஆட்டும் நாயிடம் நெருங்கக் கூடாது.

சட்டியில் வாய் வைத்திருக்கும் நாயிடமிருந்து சட்டியைப் பிடுங்கிக் காட்டி "நான்தான் எஜமான்" என்று நிரூபிப்பவர்கள் உண்டு. இதனால் அடுத்த முறை நாய் இன்னும் சீக்கிரம் சீறும். மாறாக, சாப்பிடும்போது எட்டி நின்று ஒரு முட்டைத் துண்டைச் சட்டியில் போட்டுவிட்டு நகர்ந்துவிடுங்கள். மனிதன் வந்தால் சட்டி காலியாகாது, நிறையும் என்று அது பழகிக்கொள்ளும். சிறு குழந்தைகளை இந்த வேலைக்கு விடவே கூடாது. பெரியவர் அருகில் இல்லாமல் குழந்தையும் நாயும் தனியாக இருக்கக் கூடாது, எவ்வளவு சாதுவான நாயானாலும்.

ஏற்கெனவே ஆளைக் கடித்த நாய்க்கு, மாட்டுக்கு வாய்க்கூடை போடுவது போல, மூச்சு விடவும் தண்ணீர் குடிக்கவும் வசதியான கூடை வகை வாய்ப்பூட்டைப் பழக்கிவிட்டுத்தான் மற்றப் பாடங்களைத் தொடங்க வேண்டும். கடித்தால் நேரும் ஆபத்தைத் தடுக்கத் தக்க கவனம் எடுக்காமல் நாயை விடுபவருக்கு, 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவின் 291ஆம் பிரிவின்படி ஆறு மாதம் வரை சிறையோ, ஐயாயிரம் ரூபாய் வரை அபராதமோ, இரண்டுமோ விதிக்கப்படலாம்.

வெறிநோய்த் தடுப்பூசியைத் தள்ளிப்போடக் கூடாது. மூன்று மாத வயதில் முதல் ஊசி, மருத்துவர் சொல்லும் நாளில் ஊக்க ஊசி, பிறகு ஆண்டுதோறும் ஓர் ஊசி. வீட்டு நாய் கடித்தாலும், பல் லேசாகப் பட்டாலும், ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டுப் பதினைந்து நிமிஷம் கழுவிவிட்டு அன்றைக்கே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போக வேண்டும். மஞ்சள், சுண்ணாம்பு, காப்பித்தூள் எதையும் அப்பக் கூடாது. கடித்த நாயைக் கொன்றுவிடாமல், தப்பிப் போகாதபடி கட்டி வைத்துப் பத்து நாள் கவனிக்க வேண்டும். ஆனால் அதற்காக ஊசியைத் தாமதிக்கக் கூடாது.

நான்கு மாதம் கழித்துக் கோம்பைத் தோட்டத்திற்கு மறுபடி போயிருந்தேன். வேப்பமரத்திலிருந்து மோட்டார் கொட்டகை அருகே ஊன்றிய கம்பம் வரை கம்பி இழுத்திருந்தார்கள். பால்காரரின் வண்டிச் சத்தம் கேட்டால் நாய் இன்னும் குரைக்கத்தான் செய்கிறது. அம்மையார் சொன்னால் களத்து மூலையில் போய் உட்காருகிறது. தோட்டக்காரர் சொன்னால், அவர் கணக்குப்படி, பத்துக்கு ஏழு முறை கேட்கிறது. கோழி விஷயத்தில் மட்டும் நம்பிக்கை வரவில்லை. பக்கத்துத் தோட்டத்துக் கோழிகள் வேலி தாண்டி மேய வரும் காலை நேரத்தில் நாயைக் கம்பியில் மாட்டிவிட்டு, அவை போன பிறகுதான் அவிழ்க்கிறார்கள்.